பயந்த பூனைக்கு ஒரு வீடு: வாசகர் கேள்வி பதில்

தெருவிலிருந்தும் கைவிடப்பட்ட வீடுகளிலிருந்தும் மீட்கப்பட்ட பூனைகளை, தத்துக் கொடுக்கும் வரை தம் வீட்டில் வைத்து வளர்ப்பவர்களின் கேள்விகளுக்காக இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். வந்த கடிதங்களில் மிகுதியானவை மனிதரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் பூனைகளைப் பற்றியவை என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேள்வி: தன்னார்வலர் ஒருவர் மீட்டுக் கொடுத்த, சுமார் ஒன்றரை வயதுள்ள பெண் பூனை ஒரு மாதத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் இருக்கிறது. வந்த நாள் முதல் பீரோவின் பின்புறத்தை விட்டு அசைவதில்லை. நாங்கள் உறங்கிய பிறகுதான் வந்து சாப்பிடுகிறது. மணல் தட்டைச் சரியாகப் பயன்படுத்துகிறது. வெளியே இழுத்து மடியில் வைத்துப் பழக்கினால்தான் பயம் தெளியும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? இதை யாராவது தத்தெடுப்பார்களா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: தயவுசெய்து இழுக்க வேண்டாம். மறைவிடத்திலிருந்து வலுவில் எடுக்கப்பட்ட பூனை மடியில் அசையாமல் கிடந்தால், அது பழகிவிட்டது என்று பொருளாகாது. தப்ப வழியில்லாமல் உறைந்துபோயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கண்ணின் கருமணி முழுவதும் விரிந்து, காதுகள் பக்கவாட்டில் படிந்து, வால் உடலைச் சுற்றி இறுகியிருக்கும் அந்த நிலையைப் பலர் சாதுவான குணம் என்று எண்ணிவிடுகிறார்கள். அடுத்த முறை உங்கள் கை நெருங்கும்போது அது இன்னும் ஆழமான இடுக்கைத் தேடும். இதுவரை நீங்கள் ஈட்டிய நம்பிக்கையும் போய்விடும். ஈட்டியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒழுங்காக உண்டு, மணல் தட்டையும் தவறாமல் பயன்படுத்தும் பூனை அடிப்படையான ஒரு நிம்மதியை அடைந்துவிட்டது.

முதலில் அதன் உலகத்தைச் சிறிதாக்குங்கள். வீடு முழுவதும் திறந்திருப்பது நமக்குச் சுதந்திரமாகத் தோன்றினாலும், பயந்த பூனைக்கு அது காவல் காக்க வேண்டிய பரப்பாகவே இருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, உணவை ஒரு மூலையிலும் மணல் தட்டை அதற்கு எதிர் மூலையிலும் வைத்து, இருபுறமும் வாயில் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய சேலையை மடித்துப் போடுங்கள். பூனை அந்தப் பெட்டியை ஏற்றுக்கொண்ட பிறகு, அது உள்ளே இல்லாத நேரம் பார்த்து பீரோவின் பின்புற இடுக்கை அடைத்துவிடலாம். ஒளிய இடம் கொடுத்தால் என்றைக்கும் ஒளிந்தே இருக்கும் என்ற அச்சம் வேண்டாம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகம் ஒன்றுக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து, 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகளின் மன அழுத்தம் விரைவாகத் தணிந்ததைக் காட்டினார்கள். தேவைப்பட்டால் திரும்பிப் போக ஓர் இடம் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த பூனைதான் வெளியே வரத் துணிகிறது.

அடுத்தது உணவு நேரம். நாள் முழுவதும் தட்டில் உணவு இருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் உண்பதே அதற்கு வசதி. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் உணவை வைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் தரையில், பூனைக்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டி அமருங்கள். முதல் சில நாள்கள் அது உண்ணாமல் காத்திருக்கலாம். அப்போது தட்டை அங்கேயே விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பட்டினி போட்டுப் பணியவைப்பது இந்த முறையன்று. நீங்கள் அறையில் இருக்கும்போது அது உண்ணத் தொடங்கியதும், தட்டுக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை ஓர் அடி வீதம் குறையுங்கள். பூனை உண்பதை நிறுத்தி உங்களையே பார்க்குமானால் அந்த அடி அதிகம். முந்தைய இடத்துக்குத் திரும்புங்கள். அமர்ந்திருக்கும் நேரத்தில் செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் வாசிக்கலாம். மனிதக் குரல் ஒலிக்கிறது, ஆனால் அதன்பின் கை நீளுவதில்லை என்பதை அது இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

கண்ணோடு கண் உற்றுப் பார்ப்பது பூனைகளிடையே மிரட்டல். அதன் கண்கள் உங்கள் மேல் விழும்போது, இமைகளை மெதுவாகத் தாழ்த்தி, அரைக்கண்ணாக வைத்து, மெல்லத் திறந்து, முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு மெதுவாக இமைத்த அறிமுகமற்ற மனிதரின் நீட்டிய கையைப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தது தெரிந்தது.

பிறகு நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியின் நுனியில் மசித்த கோழிக்கறியை வைத்து நீட்டுங்கள். கரண்டியின் நீளத்தை வாரக்கணக்கில் குறைத்து விரல் நுனி வரை வாருங்கள். தொடுவதற்கு முன் விரலை அதன் மூக்குக்கு எதிரே, சற்றுத் தள்ளி நிறுத்தி, பூனை தானாக வந்து முகர்ந்து கன்னத்தைத் தேய்க்கும் வரை காத்திருங்கள். தேய்த்தால் கன்னத்தையும் தாடையடியையும் இரண்டு மூன்று முறை வருடிவிட்டுக் கையை விலக்குங்கள். மேலும் வேண்டுமென்றால் அதுவே முன்வரும். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோவதும், வயிற்றைத் தொடுவதும் இப்போது வேண்டாம். பூசையறையில் மயிலிறகு இருந்தால் அதைத் தரையில் மெல்ல இழுத்துக் காட்டுங்கள்; கையைக் கண்டு ஓடும் பூனையும் இறகைத் துரத்த வெளியே வந்துவிடுவதுண்டு. நூல் கட்டிய விளையாட்டுப் பொருளாக இருந்தால், ஆட்டம் முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலை அறுக்கும்.

தத்தெடுப்பார்களா என்றால், எடுப்பார்கள். ஒரே நிபந்தனை: அது உங்களிடம் மட்டும் பழகினால் போதாது. உங்கள் கையில் உண்ணத் தொடங்கிய பின், வீட்டில் வேறொருவர் இதே படிகளைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். அதன்பின் எப்போதாவது வரும் உறவினர் ஒருவர். இரண்டாவது மனிதருக்கு முதல் மனிதருக்கு ஆனதைவிடப் பெரும்பாலும் குறைந்த காலமே ஆகும். ஒரு மனிதரைச் சார்ந்திருக்கும் பூனையை, மனிதர்களை நம்பக்கூடிய பூனையாக்கி அனுப்புவதே தற்காலிகமாக வளர்ப்பவரின் உண்மையான பணி என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: வைக்கோற்போரில் நான்கு குட்டிகள் கிடைத்தன. தாய் வரவே இல்லை. ஐந்து வாரம் இருக்கும் என்கிறார்கள். இத்தனை சிறிய குட்டிகள் சீறுகின்றன, நகத்தால் பிறாண்டுகின்றன. பெரிய பூனைகளைப் போலவே இவற்றுக்கும் காத்திருக்க வேண்டுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: காத்திருக்க நேரமில்லை. பூனைக்குட்டிகள் மனிதரை ஏற்கப் பழகும் பருவம் ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரம் வரை நீடிக்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980களில் நடந்த ஆய்வுகள், மூன்றாம் வாரத்திலிருந்து கையில் எடுக்கப்பட்ட குட்டிகள் ஏழாம் வாரத்தில் தொடங்கியவற்றைவிட மனிதரை எளிதாக நெருங்குவதைக் காட்டின. உங்கள் குட்டிகளுக்கு எஞ்சியிருக்கும் வாரங்கள் விலைமதிப்பற்றவை. அதன்பின் கதவு மூடிவிடும் என்றில்லை. ஆனால் இன்று சில நாள்களில் முடிவது, நான்கு மாதக் குட்டியிடம் பல வாரங்கள் எடுக்கும்.

அகன்ற கூண்டு ஒன்றை ஆள் நடமாடும் அறையில் வைத்து, ஒரு பாதியைத் துணியால் மூடுங்கள். குட்டியைத் துண்டில் தளர்வாகச் சுற்றி, முகம் உங்களைப் பார்க்காதவாறு மடியில் வைத்து, மசித்த கறியை விரலில் தடவி நக்கவிடுங்கள். ஒரு முறைக்குச் சில நிமிடங்கள் போதும். நாளில் பல முறை செய்யுங்கள். உண்ணும் குட்டி பயத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. உண்ண மறுத்துத் திமிறும் குட்டியை இறக்கிவிட்டு, ஒரு படி பின்னால் சென்று தொடங்குங்கள். நான்கில் ஒன்று மற்றவற்றைவிடக் கூச்சமுள்ளதாக இருந்தால், பகலில் சில மணி நேரம் மட்டும் அதைத் தனியே வைத்துப் பழக்குங்கள். சீறும் குட்டி உடன்பிறப்புகளின் பின்னால் ஒளிந்துகொண்டு கற்றுக்கொள்ளாமலே இருந்துவிடக்கூடும்.

குக்கர் விசில், மிக்சி, காலிங் பெல், குழந்தைகளின் குரல் எல்லாம் தொலைவிலிருந்து தொடங்கி, உணவு நேரத்தோடு சேர்ந்து காதில் விழட்டும். கோயில் நகரம் என்பதால் மேளமும் வெடியும் உங்கள் தெருவில் இருக்கும். முதல் முறை அவற்றைக் கேட்கும்போது குட்டிகள் மூடிய அறையில், உங்கள் அருகில் இருப்பது நல்லது.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில், நான்கு மாதம் நிறையும் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி மூன்று மாதத்தில். குடற்புழு நீக்க மருந்தை எடைக்கு ஏற்ப மருத்துவர் தருவார். எடையை அன்றாடம் சமையலறைத் தராசில் குறித்துவையுங்கள். எடை கூடாத ஒரு நாளே குட்டிகளில் நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை உண்டு. புதிதாக மீட்ட பூனையைத் தனி அறையில் வைத்து, தினமும் இரண்டு வேளை பினாயில் ஊற்றித் துடைக்கிறோம். இன்னும் என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பினாயிலை இன்றே நிறுத்துங்கள். நாம் வீடு துடைக்கப் பயன்படுத்தும் பினாயிலிலும் டெட்டாலிலும் உள்ள பீனால் வகைச் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் மற்ற விலங்குகளைப் போல முறித்து வெளியேற்ற முடியாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனை அந்த நஞ்சை உட்கொள்கிறது. அந்துருண்டை, வலிக்குத் தரும் பாராசிட்டமால், நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்து ஆகியவையும் பூனையைக் கொல்லக்கூடியவை.

கிருமிகளுள் மிகக் கொடியது பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸ். தகுந்த சூழலில் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். சாதாரண சோப்புக்கு அழியாது. வீட்டு உபயோகத்துக்கான பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் சேர்த்து, அழுக்கைக் கழுவிய தரையில் பத்து நிமிடம் நிற்கவிட்டு, நன்றாக அலசி உலர்த்துங்கள். பூனையை அப்போது வேறிடத்தில் வைத்து, முழுதும் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

குறைந்தது இரண்டு வாரம் இரு பூனைகளும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். அந்த அறைக்கெனத் தனிச் செருப்பும் ஒரு பழைய சட்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் பூனையைக் கவனித்த பிறகே உள்ளே செல்லுங்கள். அடைக்கப்பட்ட அந்த இரண்டு வாரம் பயந்த பூனைக்குத் தண்டனையன்று. முதல் கேள்விக்குச் சொன்ன சிறிய உலகம் அதுவே. மருத்துவர் நலமென்று சொன்ன பின், இரண்டின் படுக்கைத் துணிகளை மாற்றி வைத்து மணத்தால் அறிமுகம் செய்து, மூடிய கதவின் இரு பக்கமும் உணவு வைத்து, அதன்பின் கம்பிவலையின் வழியே பார்க்கவிடுங்கள். கூச்சமுள்ள பூனை பல நேரங்களில் மனிதரைவிட விரைவாக இன்னொரு பூனையை ஏற்கிறது. மனிதரிடம் செல்லும் அந்தப் பூனையைப் பார்த்தே தானும் துணிகிறது.

கேள்வி: மீட்ட பூனைக்கு என் மாமியார் பாலும் தயிர்சாதமும் வைக்கிறார். எங்கள் வீட்டில் மாமிசம் சமைப்பதில்லை. இதுவே போதுமா?
— வாசகி, மதுரை

பதில்: போதாது. டாரின் என்னும் சத்து பூனையின் உடலில் தேவையான அளவுக்கு உருவாவதில்லை; அது தாவர உணவில் இல்லை. அதன் குறைபாடு பூனையின் இதயத் தசையைத் தளரச் செய்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் கண்டறிந்தார்கள். நெடுநாள் தொடர்ந்தால் பார்வையும் போகும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது; பயந்த பூனைக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், துன்பத்தோடு அழுக்கும் ஏறி, தத்தெடுக்க வருபவரும் தயங்குவார். வீட்டில் மாமிசம் சமைக்க இயலாதெனில் கடையில் கிடைக்கும் பூனை உணவை வாங்குங்கள். நாய் உணவு கூடாது. மாமியாரின் அன்பைத் தடுக்க வேண்டாம். அந்த உணவை அவர் கையால் வைக்கச் செய்யுங்கள். பூனைக்கு இரண்டாவது நம்பிக்கைக்குரிய மனிதர் கிடைத்துவிடுவார்.

கேள்வி: பயத்தினால் சாப்பிடவில்லை என்று எத்தனை நாள் விட்டுவைக்கலாம்? மருத்துவரிடம் கொண்டுபோக அதைப் பிடிப்பதே போராட்டமாக இருக்கிறது.
— வாசகர், திருச்சி

பதில்: வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதுவும் உண்ணாவிட்டால் மருத்துவரைத் தொலைபேசியிலாவது கேளுங்கள், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குட்டிகளுக்கு அரை நாளே அதிகம். ஆண் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் அமர்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் அது அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். ஓரளவு பழகிவந்த பூனை திடீரென மீண்டும் ஒளியத் தொடங்கினால், பயம் திரும்பிவிட்டது என்று கொள்வதற்கு முன் பல்வலி போன்ற உடல் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பூனையை எடுத்துச்செல்லும் கூடையைப் பரணிலிருந்து இறக்கும் நாளும் மருத்துவமனைக்குப் போகும் நாளும் ஒன்றாக இருப்பதால்தான் அதைக் கண்டதும் பூனை ஓடுகிறது. கூடையை எப்போதும் அறையிலேயே, கதவைக் கழற்றித் திறந்து வையுங்கள். படுக்கையும் உள்ளே, நாளின் மிகச் சுவையான உணவும் உள்ளே. மேற்பகுதி தனியே கழலும் கூடையாக வாங்குவது நல்லது. பூனையை வெளியே இழுக்காமல் அதன் படுக்கையிலேயே வைத்து மருத்துவர் பரிசோதிக்கலாம். மிகவும் அஞ்சும் பூனைகளுக்குப் பயணத்துக்கு முன் தரும் அமைதிப்படுத்தும் மருந்துகள் உண்டு. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பழக்கும்போது கடித்துவிட்டது. சிறிய காயம்தான். ஊசி போட வேண்டுமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: போட வேண்டும். உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய்க்கான தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால், வெளியே சிறிதாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடிக்கும். தெருவிலிருந்து வந்து தடுப்பூசி விவரம் தெரியாத பூனை விஷயத்தில் இதில் எந்தத் தயக்கமும் கூடாது.

கேள்வி: எட்டு மாதமாக முயன்றும் ஒரு முதிர்ந்த ஆண் பூனை கம்பிக் கதவின் முன்பே நாள் முழுவதும் நின்று கத்துகிறது. காது நுனி வெட்டப்பட்டிருக்கிறது. எங்களிடம் ஒரு அடியும் நெருங்கவில்லை.
— வாசகி, புதுச்சேரி

பதில்: காது நுனி வெட்டப்பட்டிருப்பது, யாரோ அதைப் பிடித்துக் கருத்தடை செய்து மீண்டும் அதன் இடத்திலேயே விட்டார்கள் என்பதற்கான அடையாளம். குட்டிப் பருவத்தில் மனிதத் தொடுதலை அறியாமல் வெளியிலேயே முதிர்ந்த பூனையும், வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டதால் அஞ்சும் பூனையும் முதல் வாரத்தில் ஒன்றுபோலவே தோன்றும். மாதங்கள் செல்லும்போது பின்னது சிறிதளவேனும் நெருங்கும். முன்னது பெரும்பாலும் நெருங்காது. எட்டு மாதம் அது தன் விடையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நலமாக இருந்து, அதன் பழைய இடம் பாதுகாப்பானதாகவும், அங்கே தினமும் உணவிடுபவர் ஒருவர் இருப்பதாகவும் உறுதி செய்துகொண்டு, அங்கேயே கொண்டுபோய் விடுங்கள். வேறு ஊரிலோ அறியாத தெருவிலோ விடக் கூடாது. இதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அதற்கு வேண்டிய வாழ்க்கையை மதிக்கிறீர்கள்.

கேள்வி: தத்து அறிவிப்பில் "கூச்ச சுபாவம்" என்று எழுதினால் ஒருவரும் அழைப்பதில்லை. எழுதாமல் கொடுத்தால் பத்து நாளில் திருப்பித் தருகிறார்கள். போன மாதம் கொடுத்த பூனையை, "கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது, வேண்டாம்" என்று இன்று அழைத்துச் சொன்னார்கள். என்ன செய்வது?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: எழுதத்தான் வேண்டும், ஆனால் இரண்டு சொற்களில் முடித்துவிடாதீர்கள். "புதியவர் வந்தால் பெட்டிக்குள் போய்விடும், அரை மணியில் வெளியே எட்டிப் பார்க்கும், காலை உணவின்போது காலைச் சுற்றிவரும், தூக்கினால் பிடிக்காது, மயிலிறகு என்றால் உயிர்" என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். அப்படி எழுதினால் குறைவானவர்களே அழைப்பார்கள். ஆனால் அவர்கள் இந்தப் பூனையை விரும்பி அழைப்பார்கள். மறைவிலிருந்து மிரண்டு பார்க்கும் படத்தைப் போடாமல், சன்னலோரத்தில் அது தளர்ந்து படுத்திருக்கும் பகல் வெளிச்சப் படத்தையும், உங்கள் கையில் உண்ணும் சிறு காணொளியையும் சேருங்கள். கறுப்புப் பூனையாக இருந்தால் இது இன்னும் தேவை. சகுனத்தை நம்பி நல்ல விலங்குகளை ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அழைப்பவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா? பால்கனிக்கும் சன்னலுக்கும் வலை இருக்கிறதா? புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்துத் துளைத்துவிடும். மேல்மாடி வீட்டுக்குக் கம்பி வலையே வேண்டும். தூக்கிக் கொஞ்ச ஆசைப்படும் மூன்று வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், இந்தப் பூனைக்கு அது பொருத்தமான வீடன்று என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். ஒருமுறையல்ல, இரண்டு மூன்று முறை அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, தரையில் அமர்ந்து அவர்கள் கையாலேயே உணவு வைக்கச் செய்யுங்கள். கருத்தடையும் தடுப்பூசிகளும் முடிந்த பிறகே கொடுங்கள். நான்கு மாத வயதிலேயே பெண் பூனை கருவுறக்கூடும் என்பதால், "பிறகு செய்துகொள்வோம்" என்ற வாக்கை நம்பிக் கொடுப்பது சரியன்று. பிரியாத இணை இருந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

அனுப்பும்போது துவைக்காத படுக்கைத் துணி, அது படுத்த அட்டைப்பெட்டி, பழகிய அதே உணவு, பயன்படுத்திய மணலில் ஒரு பிடி ஆகியவை உடன் செல்லட்டும். உணவு நேரம், அதை அழைக்கும் ஒலி, தொடக்கூடாத இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் சில நாள்கள் ஒளிந்திருக்கும், சில வாரங்களில் வீட்டின் ஒழுங்குக்குப் பழகும், உண்மையான குணம் வெளிப்படச் சில மாதங்கள் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களிடம் அடைந்த முன்னேற்றம் புதிய வீட்டில் பாதியளவு பின்வாங்குவது இயல்பு. ஆனால் இரண்டாம் முறை ஏறுவது விரைவாக நடக்கும்.

இன்று அழைத்தவர்களிடம் கோபப்படாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உண்கிறதா, மணல் தட்டைப் பயன்படுத்துகிறதா, வீடு முழுவதும் திறந்து விடப்பட்டிருக்கிறதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றால், பூனையை ஒரே அறைக்கு மாற்றி, நீங்கள் சொல்லும் முறையில் இன்னும் இரண்டு வாரம் முயலச் சம்மதமா என்று கேட்டு, முடிந்தால் ஒரு மாலை நீங்களே போய், அவர்கள் முன்னிலையில் தரையில் அமர்ந்து உணவு வைத்துக் காட்டுங்கள். உங்கள் குரலைக் கேட்டு அது வெளியே வருவதை ஒருமுறை கண்ணால் கண்டால் அவர்களில் பலர் மனம் மாறுவார்கள். அதன்பின்னும் வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பப் பெற்றுக்கொண்டு, தெருவில் விடாமல் உங்களிடமே தந்ததற்கு அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த அறிவிப்பில், அந்த வீட்டில் அது எதைக் கண்டு அஞ்சியது, எதை ஏற்றுக்கொண்டது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதுங்கள்.